சேற்றில் இறங்கிய மாணவர்கள் - புளோரன்ஸ், 1966

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் மாணவர் குழுக்கள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் பேராலயத்தின் 463 படிகளையும் ஏறி இறங்க வேண்டும். உஃபிஸி ஓவியக்கூடத்தின் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும். மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பொன்டே வெக்கியோ பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீமோடு பேருந்தில் ஏறிவிட்டால் அடுத்த ஊர்!

இந்த அவசரத்தில் யார் கண்ணிலும் படாமல் போகும் ஒன்று அந்த ஊர்ச் சுவர்களில் இருக்கிறது. சின்னச் சின்னக் கல் பலகைகள். தலைக்கு மேலே, சில தெருக்களில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு கோடும் ஒரு தேதியும் பொறித்திருப்பார்கள். 4 நவம்பர் 1966. ஆர்னோ ஆற்றின் தண்ணீர் அன்று அந்தக் கோடு வரைக்கும் வந்தது என்பதுதான் அதன் பொருள். சான் ரெமிஜியோ தெருவில் இதைவிட வியப்பான ஒன்று உண்டு. ஒரே சுவரில் இரண்டு பலகைகள். ஒன்று 1966ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு. இன்னொன்று 1333ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு. அந்த வெள்ளம் வந்த தேதி என்ன தெரியுமா? அதுவும் நவம்பர் 4! சரியாக 633 ஆண்டுகள் கழித்து அதே நாளில் ஆறு மறுபடியும் ஊருக்குள் புகுந்திருக்கிறது. 1333இல் ஆறு பழைய பொன்டே வெக்கியோ பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று நாம் படத்தில் பார்க்கும் பாலம் அதன் பிறகு 1345இல் கட்டி முடிக்கப்பட்டது.

மாணவர்கள் புளோரன்ஸுக்குப் போவது புதிய பழக்கமல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஒரு ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வருவார்கள். ரோமும் புளோரன்ஸும் இல்லாமல் அந்தப் பயணம் முழுமையாகாது. உஃபிஸி ஓவியக்கூடம் 1769இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் கூட்டம் இன்னும் கூடியது. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் இங்குள்ள சாண்டா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாகத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறைகளும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் படபடக்காதா என்ன!

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தப் பயணம் பணக்காரப் பிள்ளைகளிடமிருந்து சாதாரண மாணவர்கள் கைக்கு வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இங்கே சிறு சிறு கிளைகளைத் திறந்து, ஒரு பருவம் தங்கிப் படிக்க மாணவர்களைக் குழுவாக அனுப்பத் தொடங்கின. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 1959 முதலே வந்து போனார்கள். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் தன் முதல் குழுவை அனுப்பிய ஆண்டு 1966. பாவம், அந்தப் பிள்ளைகள் பார்க்க வந்தது ஒன்று, பார்த்தது வேறொன்று.

அந்த நவம்பர் மாதத் தொடக்கத்தில் இத்தாலி முழுக்கப் பேய்மழை. (நவம்பர் 4 அன்று வெனிஸ் நகரிலும் கடல் 194 செ.மீ. உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. அந்த ஊர் வரலாற்றில் பதிவான அளவுகளில் அதுதான் உச்சம்.) ஆர்னோ ஆற்றின் மேல்பகுதியில் லா பென்னா, லெவானே என்று இரண்டு அணைகள். 3ஆம் தேதி இரவு அவை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. எவ்வளவு திறந்தார்கள், எப்போது திறந்தார்கள், யாருக்குச் சொன்னார்கள் என்ற சண்டை பல ஆண்டுகள் நீண்டது. ஒன்று மட்டும் நிச்சயம். தூங்கிக்கொண்டிருந்த ஊருக்கு யாரும் அபாயச் சங்கு ஊதவில்லை. பொன்டே வெக்கியோ பாலத்தில் நகைக்கடை வைத்திருந்தவர்களுக்கு இரவுக் காவலாளி மூலம் தகவல் போனது. அவர்கள் ஓடிவந்து பெட்டிகளில் நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

காலை 7:26க்கு மின்சாரம் நின்றது. ஊரிலிருந்த மின்கடிகாரங்கள் எல்லாம் அதே நேரத்தைக் காட்டிக்கொண்டு உறைந்துபோயின. பத்து மணிக்கு முன்பே பேராலயச் சதுக்கத்தில் தண்ணீர். சாண்டா குரோச்சே பகுதியில் 6.7 மீட்டர் வரை உயர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மாடி! இரவு எட்டு மணிவாக்கில்தான் வடியத் தொடங்கியது.

அன்று அரசு விடுமுறை. முதல் உலகப்போரில் இத்தாலி வெற்றி பெற்ற நாள். விடுமுறையாக இல்லாமல் இருந்திருந்தால் காலை நேரத்தில் கடைகளிலும் தெருக்களிலும் ஆயிரக்கணக்கான பேர் இருந்திருப்பார்கள், சாவு எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். ஆனால் அதே விடுமுறைதான் கடைகளைப் பூட்டி வைத்தது, சரக்கைக் காப்பாற்ற ஆளில்லாமல் செய்தது. புளோரன்ஸிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 35 பேர் இறந்தார்கள். சுமார் 5,000 குடும்பங்கள் வீடிழந்தன. சுமார் 6,000 கடைகள் பாழாயின. இந்தக் கடைகள் பெரும்பாலும் தோல் வேலை, மர வேலை, சட்டம் போடுதல் என்று ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்திவந்த சிறு பட்டறைகள்.

வெறும் தண்ணீராக இருந்தாலாவது பரவாயில்லை. குளிர்காலம் வருகிறதே என்று வீடுகளை வெப்பமூட்டும் எண்ணெயை அப்போதுதான் எல்லோரும் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். தொட்டிகள் உடைந்து அந்தக் கரிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. கூடவே சாக்கடை. தண்ணீர் வடிந்தபோது ஊருக்குள் சுமார் 6 லட்சம் டன் சேறு மிச்சம் இருந்தது. அப்போதைய புளோரன்ஸின் மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய தலைக்கு ஒரு டன்னுக்கும் மேல். சுவர்கள் எங்கும் தண்ணீர் நின்ற மட்டத்தில் எண்ணெய் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

இனி இழப்புக் கணக்கு. சாண்டா குரோச்சேயின் அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே வரைந்த பெரிய மரச்சிலுவை ஒன்று இருந்தது. அதன் வண்ணப்பூச்சில் சுமார் 60 விழுக்காடு உரிந்து தண்ணீரில் போய்விட்டது. சேற்றில் மிதந்த வண்ணச் செதில்களை வடிகட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள் என்றால் நம்புவீர்களா? ஞானஸ்நான மண்டபத்தின் பொற்கதவுகள், கிபெர்ட்டி செய்தவை, மைக்கலாஞ்சலோவே "சொர்க்க வாசல்" என்று புகழ்ந்ததாகச் சொல்லப்படுபவை. அவற்றின் பத்துப் பலகைகளில் ஐந்து பிய்ந்து விழுந்தன. முன்னால் இருந்த கம்பி வேலி தடுத்ததால் ஆற்றோடு போகாமல் சேற்றில் கிடைத்தன. டொனாடெல்லோ செதுக்கிய மகதலேனா மரச்சிற்பம் எண்ணெயில் ஊறியது. பதினாறாம் நூற்றாண்டில் வசாரி வரைந்த "கடைசி இராவுணவு" ஓவியம் அரைநாளுக்கு மேல் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மொத்தத்தில் சுமார் 14,000 கலைப்பொருள்கள் சேதம் என்று கணக்கிட்டார்கள்.

அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் மரியா லூயிசா ரிகினி பொனெல்லியை இங்கே சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, கலிலியோவின் கருவிகளை எடுத்துக்கொண்டு மேல்மாடியின் வெளி விளிம்பு வழியாக நடந்து பக்கத்திலிருந்த உஃபிஸி கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். கால் சறுக்கினால் கீழே ஆறு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அடி விழுந்தது புத்தகங்களுக்கு. தேசிய மைய நூலகம் ஆற்றங்கரையை ஒட்டியே இருக்கிறது, சாண்டா குரோச்சேவுக்குப் பக்கத்தில். அன்டோனியோ மாலியபெக்கி என்ற புத்தகப் பித்தர் 1714இல் இறந்தபோது சுமார் 30,000 நூல்களைப் பொதுமக்களுக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து முளைத்த நூலகம் இது. இத்தாலியில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் இங்கே வந்தாக வேண்டும். நாட்டின் செய்தித்தாள்கள் எல்லாம் கட்டுக்கட்டாக நிலவறையில். மாலியபெக்கி தொகுப்பு, பாலத்தீனா தொகுப்பு இரண்டின் பெரிய அளவு நூல்களும் கீழ்த்தளங்களில். ஆற்றங்கரையில் நிலவறை தோண்டி நாட்டின் நினைவை அதற்குள் அடுக்கி வைத்தவர்களை என்ன சொல்வது? 1333ஆம் ஆண்டின் கல்வெட்டு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. சுமார் 13 லட்சம் நூல்கள், இதழ்கள், வரைபடங்கள், சுவரொட்டிகள் சேற்றில் மூழ்கின. ஸ்ட்ரோஸி மாளிகையில் இருந்த வியூசோ நூலகத்தின் இரண்டரை லட்சம் நூல்களும் அப்படியே. அரசு ஆவணக் காப்பகம், பேராலயத்தின் ஆவணங்கள், யூதர் தொழுகைக் கூடத்தின் நூல்களும் தோரா சுருள்களும்... பட்டியல் நீள்கிறது.

நூலகத்தின் இயக்குநர் இமானுவேலே கசமாசிமா. பழைய கையெழுத்து வடிவங்களை ஆராய்ந்த அறிஞர். அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவராக மட்டும் இருந்திருந்தால் அந்த நூலகம் பிழைத்திருக்காது. தண்ணீர் வடிந்ததுமே கையில் இருந்த ஊழியர்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ரோமிலிருந்து ஆணை வரட்டும், நிபுணர் குழு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்திருந்தால் என்ன ஆகும்? நனைந்த புத்தகத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். வழவழப்பான பூச்சுத்தாள் என்றால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. தோல் அட்டை சுருங்கும், தாள் ஊதிப் புடைக்கும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஆனால் 13 லட்சத்தை எடுத்து வெளியே வைக்க ஆள் வேண்டுமே?

ஆள் வந்தது! யாரும் கூப்பிடாமலேயே வந்தது.

முதலில் வந்தவர்கள் புளோரன்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். பிறகு பீசா, ரோம், மிலான் என்று மற்ற ஊர்களிலிருந்து. வானொலியிலும் செய்தித்தாளிலும் விஷயம் பரவியதும் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஹாலந்து, அமெரிக்கா என்று பல நாட்டு மாணவர்கள். சிலர் ரயிலில் வந்தார்கள், சிலர் வழியில் போகும் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்தார்கள். வேறு ஊர்களுக்குச் சுற்றுலா வந்திருந்தவர்கள் தோளில் பையோடு அப்படியே திரும்பி இங்கே வந்துவிட்டார்கள். பெயர்ப் பதிவேடு ஒழுங்காக எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் என்பதைத் தவிரச் சரியான எண்ணிக்கை கிடையாது. பெரும்பாலானவர்கள் தங்கியது சில நாள்கள், சில வாரங்கள். வந்தார்கள், வேலை செய்தார்கள், பெயர் சொல்லாமலே திரும்பிப் போனார்கள்.

தங்க இடம்? இத்தாலிய ரயில்வே சாண்டா மரியா நோவெல்லா நிலையத்தில் பெட்டிகளை நிறுத்தி அவற்றிலேயே தூங்க விட்டது. டைபாய்டு வராமலிருக்கத் தடுப்பூசி போட்டார்கள். குடிக்க ஒழுங்கான தண்ணீர் இல்லாத ஊரில் குளிப்பதாவது!

நூலகத்தில் வேலை நடந்த விதம் இப்படித்தான். நிலவறையிலிருந்து மாடிவரை மாணவ மாணவியர் வரிசையாக நிற்பார்கள். நம்மூரில் தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதேதான். கீழே இருப்பவர் முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவு சேற்றில் நின்று புத்தகத்தைத் தடவி எடுத்துக் கொடுக்க, கைக்குக் கை மாறி அது வெளிச்சத்துக்கு வரும். நனைந்த பெரிய நூல் ஒன்றின் கனம் சாதாரணமானதல்ல. தோல், எண்ணெய், சாக்கடை எல்லாம் சேர்ந்து எழுந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் பலர் வாயு முகமூடி அணிந்துகொண்டார்கள். மின்சாரம் கிடையாது, மெழுகுவர்த்தி வெளிச்சம். அந்த நேரத்தில் அகதிகள் தொடர்பான கூட்டம் ஒன்றுக்காக ஜெனீவா வந்திருந்த அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடி புளோரன்ஸுக்கு வந்து இந்தக் காட்சியைப் பார்த்தார். மெழுகுவர்த்தி ஒளியில் குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு புத்தகம் கைமாற்றிய மாணவர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்தும் பேசியிருக்கிறார்.

மேலே வந்த நூல்களின் சேற்றைத் துடைத்து, மரத்தூள் தூவி, பக்கங்களுக்கிடையே மை ஒற்றும் தாளைச் செருகி, லாரிகளில் ஏற்றினார்கள். எங்கே? புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கு! இத்தாலியின் நடுப்பகுதியில் புகையிலை விளைகிறது, அதை உலர்த்தப் பெரிய பெரிய கூடங்கள் உண்டு. செங்கல் சூளைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்றைக்குப் புத்தகப் பாதுகாப்பு படிக்கும் மாணவர் யாராவது இதைக் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார். சூடு அதிகமாகி ஆட்டுத்தோல் ஏடுகள் சுருங்கின. ஈர மரத்தூள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாகியது. ஆனால் அன்று வேறு வழி யாருக்கும் தெரியாது. இவ்வளவு நனைந்த புத்தகங்களை உலகத்தில் அதற்கு முன் யாரும் காப்பாற்ற முயன்றதில்லை.

நவம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து நூல்கட்டுநர்கள் வந்து சேர்ந்தார்கள். பீட்டர் வாட்டர்ஸ், ரோஜர் பவல், டோனி கெய்ன்ஸ், கிறிஸ்டோபர் கிளார்க்சன் போன்றவர்கள். ரயில் நிலையத்தின் கொதிகலன் கட்டடம் புத்தகங்களைக் கழுவும் இடமாக மாறியது. அங்கே சுடுநீருக்கும் வெப்பத்துக்கும் பஞ்சமில்லை அல்லவா! நூலைப் பிரித்து, தாள் தாளாகக் கழுவி, உலர்த்தி, மறுபடியும் அடுக்கி, கட்டி... ஒவ்வொரு நூலுக்கும் ஒரு அட்டையில் என்ன சேதம், என்ன செய்யப்பட்டது என்று குறித்து வைத்தார்கள். அதுவரை நூல்கட்டுதல் என்பது ஒரு கைத்தொழில். அட்டை போனால் புது அட்டை போடுவது. புத்தகப் பாதுகாப்பு ஒரு தனித் துறையாக எழுந்ததில் புளோரன்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அந்தத் துறையினரே சொல்வார்கள். வாட்டர்ஸ் பிறகு அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், நனைந்த நூல்களை மீட்பது எப்படி என்று 1975இல் ஒரு கையேடு எழுதினார். சூளையில் போடாதீர்கள், உடனே உறைய வைத்துவிடுங்கள், பிறகு நிதானமாக உலர்த்தலாம் என்ற முறை பரவியதும் அந்தக் காலகட்டத்தில்தான். 1988இல் லெனின்கிராடு அறிவியல் கழக நூலகம் தீப்பிடித்து, அணைக்க அடித்த தண்ணீரில் லட்சக்கணக்கான நூல்கள் நனைந்தபோது ஆலோசனை சொல்லப் போனவரும் அதே வாட்டர்ஸ்தான்.

இந்த மாணவர்களுக்குச் "சேற்றுத் தேவதைகள்" என்று பெயர் வந்தது. கொரியேரே தெல்லா சேரா நாளிதழில் எழுதிய ஜொவான்னி கிராட்ஸினி சூட்டிய பெயர் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வருடங்களில் இத்தாலியப் பெரியவர்களுக்கு இளைஞர்கள் என்றாலே எரிச்சல். நீள முடி, கிட்டார், பீட்டில்ஸ் பாட்டு, குட்டைப் பாவாடை... உருப்படாத தலைமுறை என்று தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். அதே நீள முடிக்காரர்கள்தான் இப்போது வீட்டுக்கு வீடு போய் நிலவறைச் சேற்றை வாளியில் அள்ளிக் கொட்டினார்கள், முதியவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் மாடிக்குச் சுமந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968இல் ஐரோப்பா முழுக்க மாணவர் போராட்டம் வெடித்தபோது அதே பெரியவர்கள் மறுபடியும் திட்டத் தொடங்கினார்கள் என்பது வேறு கதை. 2003இல் வெளிவந்த மார்கோ துல்லியோ ஜோர்டானாவின் "லா மெல்யோ ஜொவெந்தூ" என்ற நீண்ட திரைப்படத்தில் கதாநாயகன் புளோரன்ஸ் சேற்றுக்கு வரும் காட்சிகள் உண்டு. கிடைத்தால் பாருங்கள்.

ஆனால் தேவதை என்று சொல்லிவிட்டால் சில கேள்விகள் மறைந்துபோகும். சாண்டா குரோச்சே பகுதி புளோரன்ஸின் ஏழை எளியவர்களும் கைவினைஞர்களும் நெருக்கி வாழ்ந்த பகுதி. வெள்ளம் அதிகம் அடித்ததும் அங்கேதான். தன் கடையும் கட்டிலும் சேற்றுக்குள் கிடக்க, உலகத்தின் பத்திரிகைகள் எல்லாம் சிமாபுவேயின் சிலுவையை மட்டும் படம் பிடிப்பதைப் பார்த்த ஒரு தச்சருக்கு எப்படி இருந்திருக்கும்? ஜாக்குலின் கென்னடியைக் கௌரவத் தலைவராகக் கொண்டு அமெரிக்காவில் இத்தாலியக் கலையைக் காக்க ஒரு குழு அமைந்தது. இயக்குநர் பிராங்கோ செஃபிரெல்லி ஒரு ஆவணப்படம் எடுத்தார், நடிகர் ரிச்சர்டு பர்ட்டன் அதில் பேசி உதவி கேட்டார். பணம் வந்தது, நல்லதுதான். ஆனால் ஓவியத்துக்கு வந்த வேகத்தில் தையல்காரரின் இயந்திரத்துக்கு வரவில்லை. மேயர் பியரோ பார்ஜெல்லினியின் வீடும் சாண்டா குரோச்சே பகுதியில்தான், அதுவும் வெள்ளத்தில் சிக்கியது. அவருக்கு இந்த இரண்டு பக்கமும் தெரியும். ஆட்களுக்கு உணவும் படுக்கையும் தேடுவது, கலைக்கு உலகத்திடம் கையேந்துவது என்று இரண்டையும் அவர் ஒரே மூச்சில் செய்ய வேண்டியிருந்தது.

மாணவர்கள் மட்டுமே ஊரைக் காப்பாற்றினார்கள் என்பதும் சரியல்ல. ராணுவ வீரர்கள், தீயணைப்புப் படையினர், நூலக ஊழியர்கள், தன் வீட்டுச் சேற்றை அள்ளி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன புளோரன்ஸ்காரர்கள் ஆகியோரின் உழைப்பு இதைவிடப் பன்மடங்கு. வெளியூர் மாணவர் ஒரு வாரத்தில் ரயிலேறிவிடலாம், ஊர்க்காரருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஈரச் சுவர்தான். இதைச் சொல்வதால் மாணவர்களின் பெருமை குறைந்துவிடாது. நூலக நிலவறை வரிசையில் அன்று ஆள் குறைந்திருந்தால் எத்தனை நூல்கள் செங்கல்லாகியிருக்கும் என்பதைக் கசமாசிமா அறிவார். பிற்காலத்தில் சேற்றுத் தேவதைகளைத் தேடிப்பிடித்து 1996, 2006, 2016 ஆண்டுகளில் புளோரன்ஸுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். நரைத்த தலையோடு வந்தவர்களில் பலர் அன்று யாருக்குப் பக்கத்தில் நின்று புத்தகம் வாங்கினோம் என்பதே தெரியாமல் இருந்தவர்கள்.

மீட்பு வேலை எவ்வளவு காலம் எடுத்தது? சிமாபுவேயின் சிலுவை பத்து ஆண்டுகள் கழித்து 1976இல் சாண்டா குரோச்சேவுக்குத் திரும்பியது. போன வண்ணம் போனதுதான். அதை மறுபடி வரைந்து ஏமாற்றாமல், இழந்த இடம் இழந்த இடமாகவே தெரியும்படி மெல்லிய கோடுகளால் நிரப்பியிருக்கிறார்கள். டொனாடெல்லோவின் மகதலேனாவுக்கு மட்டும் வெள்ளம் ஒரு நன்மை செய்தது. எண்ணெயைக் கழுவும்போது பிற்காலத்தில் பூசிய பழுப்பு வண்ணமும் சேர்ந்து போக, அதற்கடியில் கூந்தலில் டொனாடெல்லோ காலத்துத் தங்கம் மின்னியது! கிபெர்ட்டியின் கதவுகள் முழுமையாகச் சீராகி 2012இல்தான் பார்வைக்கு வந்தன. இன்று மண்டபத்தின் வாசலில் பயணிகள் முண்டியடித்துப் படம் எடுப்பது நகலைத்தான், அசல் பேராலய அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது வசாரியின் "கடைசி இராவுணவு". ஐந்து பெரிய மரப்பலகைகளில் வரைந்த ஓவியம் அது. வண்ணம் உதிராமலிருக்க அன்றைக்கு அவசரமாக அதன் மேல் ஒட்டிய மெல்லிய தாளோடு பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தது. இனி இதைத் தொட முடியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். கடைசியில் புளோரன்ஸின் ஒபிஃபிச்சியோ மீட்புக்கூடத்தினர் பலகைகளைச் சீராக்கி, தாளை எடுத்து, வண்ணத்தை மறுபடியும் மரத்தில் பதித்தார்கள். வெள்ளம் வந்து சரியாக 50 ஆண்டுகள் ஆன 2016 நவம்பரில் ஓவியம் சாண்டா குரோச்சேவுக்கு வந்தது. இந்த முறை அதைச் சும்மா சுவரில் மாட்டவில்லை. ஆர்னோ மறுபடியும் உள்ளே வந்தால் ஓவியத்தை உயரே தூக்கிவிட ஒரு பொறியமைப்பையும் சேர்த்தே பொருத்தியிருக்கிறார்கள்.

தேசிய நூலகத்திலோ 50 ஆண்டுகள் கழிந்த பின்னும் வேலை முடிந்தபாடில்லை. 1966ஆம் ஆண்டுச் சேறு படிந்த நூல்கள் அங்குள்ள மீட்புக்கூடத்தில் தங்கள் முறைக்காக இன்னும் வரிசையில் காத்திருந்தன.